தனி அறையா, மூன்று பேர் அறையா: கோபி தம்பிக்கு

தம்பி, கோபியிலிருந்து கோவைக்கு இன்ஜினியரிங் படிக்க வருகிறீர்கள். மூன்று பேர் அறை என்றால் ராகிங் இருக்குமோ என்று அம்மா பயப்படுகிறார், கூடுதல் பணம் கட்டித் தனி அறை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் வருஷம் மூன்று பேர் அறையையே எடுங்கள்.

முதலாண்டு மாணவர்களைக் கூடுமானவரை தனி விடுதிக் கட்டடத்தில் தங்கவைக்க வேண்டும் என்கின்றன யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2009 ராகிங் தடுப்பு விதிகள். அம்மாவை வைத்துக்கொண்டே வார்டனிடம் இதைக் கேளுங்கள். புகாருக்குக் கட்டணமில்லா எண் 1800-180-5522. அம்மா போனிலும் பதிந்து வையுங்கள்.

தனி அறையின் கஷ்டம் காய்ச்சல் வந்தால்தான் தெரியும். கதவைச் சாத்திப் படுத்துவிட்டால், நீங்கள் மெஸ்ஸுக்கு வராததே யாருக்கும் தெரியாது. கூட இருக்கிற பையன் என்றால் தட்டில் ரசம் சாதம் வாங்கி வந்து, "ஏந்திரிச்சுச் சாப்பிடுடா" என்று எழுப்பிவிடுவான்.

மூன்று பேர் அறையில் தகராறு வருவது தூக்க விஷயத்தில்தான். பதினொரு மணிக்கு மேல் டியூப்லைட் வேண்டாம், டேபிள் லேம்ப் போதும், போனுக்கு ஹெட்செட் என்று முதல் வாரமே பேசிவிடுங்கள். அப்புறம், ஆளுக்கொரு பிளக் பாயின்டும் பூட்டுகிற அலமாரியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சின்னச் சத்தத்துக்கே விழித்துக்கொள்வீர்கள், உடம்புக்கு ஏதாவது தொந்தரவு இருக்கிறது என்றால் சரி, தனி அறை நியாயம்தான். எதுவானாலும் ஒரு செமஸ்டர் முடிந்து அறை மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.