வாசகர் கேள்வி பதில்: ஆளில்லாத் தீவுகளுக்கு முதலில் போனவர்கள்

பசிபிக்கின் தொலைதூரத் தீவுகளில் முதலில் குடியேறிய லபிட்டா மக்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் நடுக்கடல் தீவுகளுக்கு ஒருவர் தெரிந்தே போயிருப்பார் என்பதை நம்ப முடியவில்லை. காற்றில் சிக்கித் திசைமாறிக் கரை ஒதுங்கியவர்களாகத்தானே இருக்க வேண்டும்?

பதில்: கடல் தெரிந்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள், அதனால் காற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்தப் பகுதியில் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் காற்று தென்கிழக்கிலிருந்து அடிக்கிறது. கைவிட்ட படகு மேற்கே போகும், கிழக்கே போகாது. ஆனால் இவர்கள் நியூ கினியாவுக்குப் பக்கத்திலிருக்கும் பிஸ்மார்க் தீவுகளிலிருந்து கிழக்கே கிழக்கே என்றுதான் போயிருக்கிறார்கள், அதாவது காற்றை எதிர்த்து. அங்கே கோடைக்காலத்தில் சில நாட்கள் காற்று மேற்கிலிருந்து திரும்பி அடிக்கும், அதைப் பிடித்துப் போனால் கரை தென்படாவிட்டாலும் வழக்கமான காற்று திரும்பியதும் வீட்டுக்கு வந்துவிடலாம். ஜெஃப்ரி இர்வின் என்ற ஆய்வாளர் இதை விரிவாக வாதிட்டிருக்கிறார், எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது. 1973இலேயே கணினியில் ஆயிரக்கணக்கான படகுகளை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள், ஹவாய்க்கும் நியூசிலாந்துக்கும் மிதந்தே போய்ச் சேர வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை என்று தெரிந்தது.

அப்புறம், படகில் என்ன இருந்தது என்பது. மீன்பிடிக்கப் போய் வழிதவறியவரிடம் வலையும் கொஞ்சம் தண்ணீரும் இருக்கும். சாலமன் தீவுகளுக்குத் தென்கிழக்கே இருக்கும் வனுவாட்டுவில் முதல் குடியிருப்புகளின் மண்ணில் பன்றி எலும்பு இருக்கிறது, கோழி எலும்பு இருக்கிறது. சேம்பும் வாழையும் விதை போட்டு வளர்ப்பவை அல்ல, கிழங்குத் துண்டையும் கன்றையும் உப்புத்தண்ணீர் படாமல் காப்பாற்றிக் கொண்டுவந்து நட்டால்தான் உண்டு. சாலமன் தீவுக்கூட்டத்தின் வட பகுதியில் ஏறக்குறைய 29,000 வருடங்களுக்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள், ஆனால் அதன் கிழக்கு முனையைத் தாண்டி யாரும் போகவில்லை, ஏனென்றால் அடுத்த தீவுக்கு 350 கிலோமீட்டருக்கும் மேல் கடல். அதைத் தாண்டி, பிறகு ஃபிஜிக்கு அதைவிட இரண்டு மடங்கு தூரமும் தாண்டி, ஓரிரு நூற்றாண்டுக்குள் டோங்கா, சமோவா வரை போய்விட்டார்கள் என்றால் அது தயாரிப்போடு போன பயணம். படகு ஒன்றுகூடக் கிடைக்கவில்லைதான், அந்த வெப்பத்தில் மரம் நிற்காது. ஆனால் நியூ பிரிட்டன் தீவின் தலாசியாவில் மட்டுமே கிடைக்கும் எரிமலைக் கண்ணாடிக்கல்லின் சில்லுகள் கிழக்கே ஃபிஜியிலும் மேற்கே போர்னியோவிலும் கிடைத்திருக்கின்றன. கல் தானாக மிதந்து போகாது.

கேள்வி (திருச்சி வாசகி): தலையில்லாத எலும்புக்கூடுகள் என்று ஒரு வரியோடு விட்டுவிட்டீர்களே, அது என்ன?

பதில்: உண்மைதான், அதை இன்னும் விரிவாக எழுதியிருக்க வேண்டிய இடம். வனுவாட்டுவின் எஃபாத்தே தீவில் தியோமா என்ற இடத்தில், 2003இல், இறால் பண்ணைக்காக மண் தோண்டும்போது புல்டோசர் ஓட்டியவர் கண்ணில் ஒரு பானை ஓடு பட்டது. லபிட்டா ஓட்டைப் பார்த்தால் மறக்க முடியாது: பல் பல்லாக வெட்டிய சின்ன அச்சை ஈர மண்ணில் வரிசையாக அழுத்தி, வளைவும் கண்ணும் நீண்ட மூக்குமாக முகங்கள் வரைந்திருப்பார்கள், சிலவற்றில் அந்தக் குழிகளுக்குள் கோலமாவு இட்டதுபோல் வெள்ளைச் சுண்ணாம்பு அப்பியிருக்கும். ஓடு வனுவாட்டு பண்பாட்டு மையத்துக்குப் போனது, அடுத்த வருடம் தொல்லியலாளர்கள் மேத்யூ ஸ்ப்ரிக்ஸ், ஸ்டூவர்ட் பெட்ஃபோர்ட் ஆகியோர் மையத்தின் ஆட்களோடு சேர்ந்து தோண்ட ஆரம்பித்தார்கள். வெளிவந்தது ஒரு முழு இடுகாடு, 60க்கும் மேற்பட்ட புதைப்புகள், ஏறக்குறைய 3,000 வருடப் பழமை.

பெரியவர்கள் யாருக்கும் தலை இல்லை. வெட்டிய கொலை அல்ல, புதைத்து உடல் மக்கிய பிறகு திரும்பவும் குழியைத் திறந்து மண்டையோட்டை எடுத்திருக்கிறார்கள், சிலருக்குத் தலை இருந்த இடத்தில் சங்கு வளையம் வைத்திருக்கிறார்கள். ஒருவருடைய மார்பின் மேல் மூன்று மண்டையோடுகள் இருந்தன, இன்னொரு மண்டையோடு ஒரு பானைக்குள் இருந்தது. இறந்தவர்களை விட்டுவிடாமல் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துக்கொண்ட மக்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதே இடுகாட்டின் மூன்று பெண்களுடைய மரபணுவை 2016இல் படித்தார்கள். வெப்பமண்டல மண்ணில் மரபணு சீக்கிரம் சிதைந்துவிடும், காதுக்கு உட்புறமுள்ள கெட்டியான எலும்பில்தான் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அவர்களுக்கு நெருங்கிய உறவு இன்றைய தைவான் பூர்வகுடிகளும் வட பிலிப்பைன்ஸ் மக்களும். வழியில் கடந்த நியூ கினியாப் பக்கத்து மக்களின் கலப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அந்தக் கலப்பு சில நூற்றாண்டு கழித்து, வேறொரு அலையாக வந்தவர்களால் வந்தது. இன்று வனுவாட்டு மக்களின் மரபணுவில் பெரும்பகுதி அந்தப் பின்னால் வந்தவர்களுடையது, ஆனால் பேசும் மொழிகள் முதலில் வந்தவர்களின் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆட்கள் மாறியும் மொழி எப்படி நின்றது என்று இன்றும் விவாதம் நடக்கிறது.

கேள்வி (ஈரோடு வாசகர்): லபிட்டா மக்கள் டோங்காவுக்குப் போனது ‘2838 வருடம்’ முன்னால் என்று எழுதியிருந்தீர்கள், அவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்ல முடிகிறது?

பதில்: அது டோங்காவில் அவர்கள் குடியிருந்த நுகுலேகா என்ற இடத்துக்கு மட்டும். பொதுவாகக் கார்பன் முறைதான், ஆனால் கடல் சிப்பியில் பழைய கார்பன் கலந்திருப்பதால் சில நூறு வருடம் கூட்டிக் காட்டும், அதைத் திருத்திப் பார்த்தாலும் இடைவெளி பெரிதாகவே இருக்கும். நுகுலேகாவில் பவளத்தை அரமாகப் பயன்படுத்தி மரத்தையும் சிப்பியையும் தேய்த்திருக்கிறார்கள். பவளம் வளரும்போது கடல்நீரிலிருந்து யுரேனியத்தை எடுத்துக்கொள்கிறது, அது மெல்ல மெல்லத் தோரியமாக மாறுகிறது. இரண்டின் விகிதத்தை அளந்தால் பவளம் எப்போது உயிரோடு இருந்தது என்று தெரிந்துவிடும். 2012இல் தொல்லியலாளர் டேவிட் பர்லியின் குழு சொன்ன கணக்கு 2838, முன்பின் 8 வருடம்.

கேள்வி (அதே வாசகர்): அவர்கள் போனபோது தீவில் என்ன இருந்தது?

பதில்: மனிதரையே பார்த்திராத உயிரினங்கள். தியோமாவில் கொம்புள்ள பெரிய தரை ஆமை ஒன்றின் எலும்புகள் குவியலாகக் கிடைத்தன, பெரும்பாலும் கால் எலும்புகள், ஓடும் தலையும் குறைவு. வேறெங்கோ அறுத்து, கறியுள்ள கால்களை மட்டும் இடுகாட்டுக்கும் பக்கத்துக் குடியிருப்புக்கும் எடுத்து வந்திருக்கிறார்கள். ஏறக்குறைய 300 வருடத்துக்குள் அந்த ஆமை முற்றிலும் அழிந்துபோனது. டோங்காவில் பெரிய உடும்பு போன்ற ஓர் இகுவானாவுக்கும் இதே கதிதான். அவர்கள் படகிலேயே வந்த எலிகளும் இதில் சேர்த்தி, தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளை அவை விட்டுவைத்திருக்காது.