காலையில கண்ணு வீங்குதுன்னா அந்த கிறீமை இன்னைக்கே நிறுத்துங்க

தங்கச்சி, உங்க கடிதத்துல கேள்வி நிறைய இருக்கு, எந்த பேஸ்வாஷ் நல்லது, எந்த சன்ஸ்கிறீன், உதடு வெடிப்பு, பாப்பா கன்னத்துல வெள்ளைத் திட்டு, கூகுள்ல தேடினப்போ லூபஸ்னு, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குற நோய்னு, வந்து ராத்திரியெல்லாம் அழுதது. ஆனா நான் நிறுத்தி திரும்ப வாசிச்சது நடுவுல நீங்க சாதாரணமா எழுதிட்டு போன ஒரு வரியை. "காலையில எழும்பினா கண்ணைச் சுத்தி வீங்கியிருக்கு, தூக்கம் சரியில்லாததால இருக்கும்." இதையும், அண்ணி ஹட்டன்ல ஒரு பேன்சி கடையில வாங்கிக் குடுத்த லேபல் இல்லாத டப்பா நைட் கிறீமை எட்டு மாசமா பூசுறீங்கங்குறதையும் சேர்த்து பார்க்கும்போது பேஸ்வாஷ் கேள்வி எல்லாம் ரெண்டாம் பட்சம்.

முதல்ல லூபஸ் பயத்தை முடிச்சிருவோம், ஏன்னா உங்களை தூங்க விடாதது அதுதான், பாப்பாவுக்கு ரெண்டு வயசு தான் ஆகுதுன்னு மூணு இடத்துல எழுதியிருக்கீங்க, எனக்கு விளங்குது. லூபஸ்ல வர்ற சிவப்பு பெரும்பாலும் ரெண்டு கன்னத்துலயும் மூக்கு மேலயும் பரவும், மூக்கு ஓரத்துல இருந்து வாய்ப்பக்கம் இறங்குற மடிப்பை விட்டுட்டு போகும், கூடவே மூட்டு வலி, வாய்ப்புண், விட்டு விட்டு காய்ச்சல்னு ஏதாவது இருக்கும். உங்களுக்கு வாயைச் சுத்தியும் தாடையிலயும் பொடிப்பொடியா சிவப்பு பரு, கிறீம் பூசுற வரைக்கும் முகம் பளபளன்னு இருக்கு, ரெண்டு மூணு நாள் விட்டா எரிஞ்சு சிவந்து போகுது, திரும்ப பூசினா அடங்கிருது. பரு இருக்குற இடமும், விட்டா ஏறி பூசினா அடங்குற இந்தப் போக்கும் லூபஸ் மாதிரி இல்ல. முகத்துல ஸ்டீராய்ட், அதாவது சிவப்பையும் வீக்கத்தையும் அடக்குற மருந்து, கலந்த கிறீம் பூசுறவங்களுக்கு தான் இப்பிடி வரும்.

பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் மாதிரி ஸ்டீராய்ட் மருந்துகளை நாங்க எக்ஸிமாங்குற அரிப்புத் தோல் நோய்க்கு கைக்கு காலுக்கு கொஞ்ச நாளைக்கு தான் எழுதிக் குடுப்போம், முகத்துல மாசக்கணக்கா பூசினா தோல் மெலிஞ்சு போகும், நூல் மாதிரி ரத்தக் குழாய் வெளியில தெரியும், வெயில் பட்டாலும் எரியும், வெறும் தண்ணி பட்டாலும் எரியும். நீங்க "எனக்கு சென்சிடிவ் ஸ்கின்"னு எழுதியிருக்கீங்க, ஆனா போன வருசம் வரைக்கும் எந்த சோப்பு போட்டாலும் ஒண்ணும் ஆகலன்னும் நீங்களே தான் எழுதியிருக்கீங்க. அப்போ உங்க தோல் பிறந்ததுல இருந்து சென்சிடிவ் இல்ல, இந்த டப்பா தான் அப்பிடி ஆக்கியிருக்கு.

இப்போ கண் வீக்கம். சீக்கிரமா வெள்ளையாக்குறோம்னு விக்கிற டப்பாக்கள்ல ஸ்டீராய்டோட மேர்கரியும், அதாவது பாதரசமும், இருக்கலாம். பாதரசம் தோல்ல நிறம் உண்டாகுறதை தடுக்கும், அதனால தான் சில வாரத்துலயே வெளுப்பு தெரியும், ஆனா அது தோலோட நிக்காது, உள்ள இறங்கி ரத்தத்துல கலந்து கிட்னியில போய் சேரும். கிட்னி வடிகட்டுற இடம் கெட்டா உடம்புல நிக்க வேண்டிய புரதம் யூரின்ல போகும், உடம்புல தண்ணி தேங்கும், அது முதல்ல காலையில கண் இமையிலயும் சாயந்தரம் கணுக்கால்லயும் தெரியும். இன்னைக்கு சாயந்தரம் ஸ்கூல்ல இருந்து வந்ததும் கணுக்காலுக்கு கொஞ்சம் மேல எலும்பு மேல கட்டைவிரலால பத்து செகண்ட் அழுத்தி எடுங்க. குழி விழுந்து அப்பிடியே நின்னா அது தூக்கமில்லாத வீக்கம் இல்ல. பாத்ரூம்லயும் பாருங்க, வேகமா போனா எல்லாருக்கும் நுரை வரும், அது உடனே உடைஞ்சிரும், உடையாம சோப்பு நுரை மாதிரி நின்னா கவனிக்கணும். இது ரெண்டும் இல்லைன்னாலும் டெஸ்ட்டை விட்டுறாதீங்க.

நாளைக்கே கிட்ட இருக்குற அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பி.டிக்கு போய் பிரஷர் பார்த்து, யூரின் ஃபுல் ரிப்போர்ட்டும் ரத்தத்துல கிரியேட்டினினும் (கிட்னி எப்பிடி வேலை செய்யுதுன்னு காட்டுற டெஸ்ட்) எடுக்கணும்னு சொல்லுங்க, எட்டு மாசமா தெரியாத கிறீம் பூசினேன்னு வெக்கப்படாம சொல்லுங்க, டப்பாவை பொலித்தீன் பையில கட்டி கையோட கொண்டு போங்க. லூபஸ் கிட்னியை தொட்டிருக்கான்னு பார்க்குறதும் இதே யூரின் டெஸ்ட்ல தான் தொடங்கும், அதனால உங்க ரெண்டு பயத்துக்கும் சேர்த்து ஒரே ஆரம்பம். புரதம் போறது தெரிஞ்சா நுவரெலியா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க, பயத்துல அங்க போகாம விட்டுறாதீங்க, பாதரசத்தால வந்ததா இருந்தா கிறீமை நிறுத்தினதும் கிட்னி மெதுவா சரியாகுறது தான் அதிகம், நாள் கடத்துறது தான் கெடுதல். யூரின் குறைஞ்சாலோ, முகம் மொத்தமா வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ நாளைக்குன்னு பார்க்காதீங்க, ராத்திரியா இருந்தாலும் போங்க.

பாப்பா உங்க கூட ஒரே தலகாணியில தூங்குறா இல்லையா, அந்த உறை, துவாய், போர்வை எல்லாத்தையும் தனியா துவைங்க, பாதரசம் கையில இருந்து பிள்ளைக்கு ஒட்டும். இன்னும் தாய்ப்பால் குடுக்குறீங்கன்னா டொக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. டப்பாவை கோபத்துல அடுப்புல மட்டும் போட்டுறாதீங்க, சூடு பட்டா பாதரசம் ஆவியா எழும்பும், லயத்து வீட்டு சமையல்கட்டு எவ்வளவு சின்னதுன்னு உங்களுக்கே தெரியும்.

நிறுத்தினதும் முகம் மோசமாகும், இதை இப்பவே சொல்லி வைக்கிறேன். ஒரு கிழமைக்குள்ள சிவந்து எரியும், பரு கூடும், வாரக்கணக்கா நீடிக்கலாம், ஸ்கூல்ல டீச்சர்மார் எல்லாம் கேப்பாங்க. அந்த நேரத்துல தான் எல்லாரும் தோத்துப்போய் திரும்ப டப்பாவை திறக்குறாங்க, இல்லைன்னா பாமசியில "முக எரிச்சலுக்கு ஒரு ஒயின்ட்மென்ட்"னு கேட்டு இன்னொரு ஸ்டீராய்டை வாங்கிட்டு வாறாங்க. தயவுசெய்து அதை செய்யாதீங்க. தோல் கிளினிக்ல காட்டினா அந்த பருவுக்கு சரியான மருந்து இருக்கு.

அதுவரைக்கும் முகத்துக்கு வேண்டியது ரொம்ப கொஞ்சம். காலையில வெறும் தண்ணி போதும், ராத்திரி வாசனை சேர்க்காத சோப்ஃப்ரீ கிளென்சர் கொஞ்சம், ஏன்னா சாதாரண சோப்புல காரம் கூட, நம்ம தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது. குளிருக்கு கொதிக்கக் கொதிக்க தண்ணி ஊத்துற பழக்கம் மலைநாட்டுல எல்லா வீட்டுலயும் இருக்கு, உடம்புக்கு ஊத்தினாலும் முகத்துக்கு வெதுவெதுன்னு போதும். துவாயால தேய்க்காம ஒத்தி எடுத்து ஈரம் காயுறதுக்கு முந்தி வாசனை இல்லாத மொய்ஸ்சரைசர் பூசுங்க. விலை கூடினதை தேட வேணாம், பரு அடங்கின பிறகு காய்ஞ்ச இடத்துக்கு வெறும் வாசலின் கூட போதும், இப்போ வாயைச் சுத்தி மட்டும் அதை பூசாதீங்க, அடைச்சிரும்.

சன்ஸ்கிறீன் கட்டாயம் வேணும், ஆனா எரிச்சல் கொஞ்சம் தணிஞ்ச பிறகு. பனி மூட்டமா இருக்கு, நமக்கு எதுக்கு சன்ஸ்கிறீன்னு இங்க கேக்குறவங்க நிறைய. மெல்லிய மேகத்தை தாண்டி புற ஊதாக் கதிர்ல பெரும்பகுதி இறங்கிரும், 1000 மீட்டர் ஏறினா சுமார் 10 வீதம் கூடும், நுவரெலியா 1868 மீட்டர்ல இருக்கு. சிங்க் ஒக்சைட், டைட்டேனியம் டயொக்சைட் இருக்குற எஸ்.பி.எஃப் 30க்கு குறையாதது எரிச்சல் தோலுக்கு ஒத்துப்போகும், அதோட குடையும் பிடிங்க.

புதுசா எதை வாங்கினாலும் முழங்கை மடிப்புல காலையும் ராத்திரியும் ஒரு கிழமைக்கு பூசி பாருங்க, அரிக்கல சிவக்கலன்னா முகத்துக்கு கொண்டு போங்க, அதுவும் ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு தான். என்னென்ன சேர்த்திருக்குன்னு இல்லாத, இறக்குமதி செஞ்சவர் விலாசம் இல்லாத, காலாவதித் திகதி இல்லாத எதையும் தொடாதீங்க. லேபல் இருந்தாலும் "தங்கம், வெள்ளி, அலுமினியத்துல படாம பார்த்துக்கொள்ளவும்"னு எழுதியிருந்தா அது பாதரசத்தோட அடையாளம், கலோமல்னு இருந்தாலும் அதே தான். பாதரசத்தை கட்டுப்படுத்த உலக நாடுகள் செஞ்ச மினமாட்டா உடன்படிக்கையில இலங்கையும் இருக்கு, 2020க்குப் பிறகு ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல பாதரசம் உள்ள பூச்சுகளை செய்யவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாதுன்னு அதுல இருந்துச்சு, 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த எந்தப் பூச்சும் கூடாதுன்னு இன்னும் இறுக்கியிருக்காங்க, அப்பிடியிருந்தும் டப்பா டப்பாவா வருது, பேஸ்புக்ல லைவ் போட்டு விக்கிறாங்க, பார்க்க பார்க்க எனக்கு ஆத்திரம் தான் வருது. "ஹேர்பல்"னு பச்சை இலை படம் போட்டா மட்டும் உள்ள இருக்குறது மாறிறாது.

தேசிக்காய் சாறு யூடியூப்ல யார் சொன்னாலும் வேணாம், அதை பூசிட்டு வெயில்ல போனா கொப்புளம் போட்டு கறுத்த தழும்பு விழும். பற்பசையும் வேணாம். பாப்பா கன்னத்துல இருக்குற மங்கலான வெள்ளைத் திட்டு நீங்க எழுதினபடி பார்த்தா காய்ஞ்ச தோல்ல சின்னப் பிள்ளைகளுக்கு வர்றது தான், மொய்ஸ்சரைசர் பூசினா மெதுவா போகும், கிளினிக்குக்கு அவளையும் தூக்கிட்டு தானே போவீங்க, அப்போ காட்டிருங்க. உதடு வெடிப்புக்கு நக்குறதை விட்டுட்டு ராத்திரி உதட்டுல மட்டும் கொஞ்சம் வாசலின் தடவுங்க.

அண்ணியும் அதே டப்பாவை தான் பூசுறாங்கன்னு கடைசியில எழுதியிருக்கீங்க. அவங்களுக்கு முகம் எரியலன்னாலும் நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு போகும்போது அவங்களையும் கூட்டிட்டு போங்க, அவங்களுக்கும் யூரின் டெஸ்ட் எடுக்கணும்.