டாக்டரைக் கேளுங்கள்: கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடுமா?

என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. போர்டைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்து இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 2 என்றார்கள். "இந்த வயசுலயே பழக்கிட்டா பவர் ஏறிக்கிட்டே போகும், பொம்பளப் புள்ள வேற" என்கிறார் மாமியார். தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை செய்து கொடுக்கிறார். வகுப்பில் மட்டும் போட்டால் போதாதா? பவரைக் கொஞ்சம் குறைத்து வாங்கலாமா? இவளுக்கு ஐந்து வயதில் ஒரு தம்பி இருக்கிறான்.
– ஒரு தாய், மன்னார்குடி

அந்த டீச்சருக்கு முதலில் ஒரு நன்றி சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை என்று இந்த வயதுப் பிள்ளைகள் தாமாக வந்து சொல்வது அபூர்வம். எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். மைனஸ் பவர் என்றால் கிட்டப்பார்வை: கிட்டத்தில் தெரியும், தூரம் மங்கும். மைனஸ் 2 என்றால் கண்ணாடி இல்லாமல் அரை மீட்டர் தூரம் வரைதான் தெளிவு. தட்டில் இருக்கிற சோறு தெரியும், மடியில் இருக்கிற புத்தகம் தெரியும். அதனால்தான் வீட்டில் உங்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது. பஸ்ஸின் பெயர்ப்பலகையும், வாசலில் நிற்பவர் முகமும் அவளுக்கு மங்கல்தான்.

ஆனால் அந்த மைனஸ் 2 சரிதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் குவியத்தை மாற்றும் தசைக்கு வலு அதிகம். கருவிக்குள் எட்டிப் பார்க்கும்போது அது இறுகிக்கொள்ளும். இருப்பதைவிடக் கூடுதலாக மைனஸ் காட்டும். சொட்டு மருந்து விட்டு அந்தத் தசையைத் தளர்த்திவிட்டுத்தான் பிள்ளைகளுக்குப் பவர் பார்க்க வேண்டும். கண் மருத்துவரிடம் சனிக்கிழமை அழைத்துப் போங்கள். மறுநாள் வரைக்கும் கண் கூசும், கிட்டத்தில் எழுத்து தெரியாது; ஹோம்வொர்க் என்று உட்கார வைக்காதீர்கள். முடிந்தால் மாமியாரையும் கூட்டிப் போங்கள். லென்ஸ் வைத்ததும் பேத்தி சுவரில் இருக்கிற கடைசி வரியைப் படிப்பதை அவரே பார்க்கட்டும். என் பேச்சைவிட அது எடுபடும்.

பவர் ஏறும், உண்மைதான். அதற்குக் காரணம் கண்ணாடி இல்லை. பிறந்த குழந்தையின் கண் சுமார் 17 மில்லிமீட்டர் நீளம், பெரியவர்களுக்குச் சுமார் 24. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்கு அந்த வளர்ச்சி தேவைக்குமேல் போகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடினாலே ஏறத்தாழ இரண்டரை, மூன்று பவர் ஏறும். கால் வளர்ந்தால் செருப்பு பத்தாமல் போகிறது. செருப்பு போட்டதால் கால் வளர்ந்தது என்று யாரும் சொல்வதில்லையே!

பவரைக் குறைத்து வாங்குவதா? வேண்டவே வேண்டாம். மலேசியாவில் 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் ஒரு பாதிக்கு முழுப் பவரும், மறு பாதிக்கு வேண்டுமென்றே குறைத்தும் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. குறைத்துப் போட்டவர்களுக்குத்தான் வேகமாக ஏறியிருந்தது. முழுப் பவர் வாங்கி, காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை போடட்டும். கீரையை நிறுத்தச் சொல்ல மாட்டேன், நல்ல கீரை. அதன் சத்து மாலைக்கண் வராமல் காக்க உதவும். நீண்டுவிட்ட கண்ணை அது சுருக்காது. கண் பயிற்சியும் அப்படியே. கல்யாணப் பேச்சுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை; பிள்ளை மூன்றாம் வகுப்புதான் படிக்கிறது.

தம்பி இருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று நான் அதிகம் பேச நினைப்பது அவனைப் பற்றித்தான். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் மட்டும் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். 2015-ல் வெளியான ஆய்வு இது. தைவானில் 2010-லிருந்தே தினமும் 120 நிமிடம் வெளியில் என்று பள்ளிகளை ஊக்குவிக்கிறார்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள்; வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். வேப்பமர நிழலிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்து கண் நீள்வதைத் தடுக்கிறது என்று கருதப்படுகிறது. கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடுவதில்தான் இதற்குப் பலன் அதிகம், வந்தபின் கம்மி. அதனால் அக்காவைவிடத் தம்பிக்குத்தான் லாபம். இருந்தாலும் இரண்டு பேரையும் சேர்த்தே வெளியே விடுங்கள். உச்சி வெயில் தேவையில்லை.

எனக்கு ஒரு ஆதங்கம். நான்கு மணிக்குப் பள்ளி விட்டால் நாலரைக்கு டியூஷன். முடித்து வெளியே வரும்போது தெருவிளக்கு எரிகிறது. பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்கிறார். பகல் வெளிச்சம் முழுக்கப் பிள்ளை கூரைக்கு அடியில்தான். இரண்டாம் வகுப்புக்கு எதற்கு டியூஷன் என்று கேட்டால் என் கிளினிக்கில் பெற்றோர் மோட்டுவளையைப் பார்க்கிறார்கள். அனுப்பியே ஆகவேண்டும் என்றால் ஆறு மணிக்குமேல் அனுப்புங்கள்.

பையனுக்குப் பதினொரு வயது. ஒன்றரை வருடத்தில் மைனஸ் 1.5 இருந்தது 3 ஆகிவிட்டது, சிலிண்டரும் கூடியிருக்கிறதாம். எப்போது பார்த்தாலும் கண்ணைக் கசக்குவான், தூசி ஒத்துக்கொள்ளாது. இரவில் விடும் சொட்டு மருந்து, பவரைக் கட்டுப்படுத்தும் ஸ்பெஷல் லென்ஸ் என்று சொல்கிறார்கள். பணம் பிடுங்கும் வேலையா?
– ஒரு தகப்பனார், திருப்பூர்

சொட்டு மருந்துக்கு வருமுன், போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, கண்ணைக் கசக்குகிறான், சிலிண்டர் கூடுகிறது என்று. அதைத்தான் நான் முதலில் கவனிப்பேன். சிலிண்டர் என்பது பெரும்பாலும் கருவிழியின் வளைவு சீராக இல்லாததற்குப் போடும் பவர். ஒவ்வாமையால் விடாமல் கசக்கும் பிள்ளைகளில் சிலருக்குக் கருவிழி மெலிந்து முன்னால் துருத்திக்கொள்ளும். கெரட்டோகோனஸ் என்று பெயர். சாதாரணக் கிட்டப்பார்வை என்று வருடக்கணக்கில் கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கருவிழியின் வளைவைப் படமெடுக்கும் டோபோகிராபி ஸ்கேன் எடுங்கள். வலி இல்லை, சில நிமிட வேலை. அந்த நோய் இருந்தால், கருவிழியை உறுதிப்படுத்தும் சிகிச்சை செய்து மேலும் மோசமாகாமல் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். அரிப்புக்கும் தனியாக மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் நீங்களாக ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விட்டுக்கொண்டிருக்காதீர்கள், கண் அழுத்தம் ஏறும்.

ஸ்கேன் நன்றாக இருந்தால் நீங்கள் கேட்ட இரண்டும் யோசிக்கத் தகுந்தவைதான், ஏமாற்று இல்லை. சொட்டு மருந்து என்பது மிகக் குறைந்த அளவு அட்ரோபின். ஹாங்காங்கில் 2019-ல் வந்த ஆய்வில் மூன்று அளவுகளை ஒப்பிட்டார்கள், 0.05 சதவீதம் நன்றாக வேலை செய்தது, 0.01 மிகக் குறைவாக. அமெரிக்காவில் 2023-ல் வெளியான ஆய்வில் 0.01 சதவீதத்துக்கும் வெறும் சொட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆகவே எந்த அளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாதியில் நீங்களாக நிறுத்தாதீர்கள். சிலருக்குப் பவர் குதித்து ஏறும். கண்ணாடியில் பொருத்தும் ஸ்பெஷல் லென்ஸில் நடுப்பகுதி தெளிவாகவும் அதைச் சுற்றிப் பொடிப்பொடி லென்ஸ்களும் இருக்கும். அதுவும் ஹாங்காங்கில் இரண்டு வருடம் சோதிக்கப்பட்டு, பவர் ஏறும் வேகம் பாதியாகக் குறைந்தது. விலை அதிகம்தான், நாள் முழுக்கப் போடாவிட்டால் பலனும் குறைந்துவிடும். இரண்டுமே வேகத்தைக் குறைக்கும். ஏறிய பவரை இறக்காது. செலவு கைக்கு எட்டவில்லை என்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம். சரியான சாதாரணக் கண்ணாடி, ஆறு மாதத்துக்கு ஒரு சோதனை, மாலையில் மைதானம் என்று நடத்துங்கள். முடிந்தால் ஒவ்வொரு முறையும் கண்ணின் நீளத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆறு வயதுப் பேரன் மூன்று கண்ணாடி உடைத்துவிட்டான். "சோடாபுட்டி" என்று கூப்பிடுகிறார்களாம், கழற்றிப் பைக்குள் வைத்துவிடுகிறான்.
– ஒரு தாத்தா, பாளையங்கோட்டை

பல சமயம் கேலியைவிட ஃபிரேம்தான் காரணம், ஐயா. வளர்ந்து போடுவான் என்று பெரிதாக வாங்கியிருந்தால் மூக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். இறங்கினால் பவரும் சரியாக வேலை செய்யாது, பிள்ளை கழற்றத்தான் செய்வான். முகத்துக்கு அளவான சின்ன ஃபிரேம், காதுக்குப் பின்னால் பிடித்துக்கொள்ளும் பட்டை, உடைந்து கண்ணில் குத்தாத பாலிகார்பனேட் லென்ஸ் கேளுங்கள். கிளாஸில் செய்த லென்ஸ் இந்த வயதுக்கு ஆகாது. நிறத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும்.

கேலி செய்பவர்களைப் பற்றி வகுப்பு டீச்சரிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாதீர்கள். புதிது உடைந்து அடுத்தது வரும்வரை அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகலாம்.