தேய்ந்த கல்லும் செல்போனும்

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்து மடையருகே வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்து வகை) பொறித்த கல் ஒன்று கிடக்கிறது. எழுத்து தேய்ந்துவிட்டது. கம்ப்யூட்டரை வைத்து வாசிக்க முடியுமா?
– வாசகர் ஒருவர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: முடியும். ஆனால் எழுத்து தெரியட்டும் என்று சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்த்துவிடாதீர்கள். தாமிரபரணிக் கரையில் ஒரு கல்லில் யாரோ அப்படித் தேய்த்து, இல்லாத கீறலையெல்லாம் எழுத்தாக்கி வைத்திருந்தார்கள். பார்த்து மனசு வலித்தது.

செல்போன் போதும். வெயில் ஏறுமுன், கல்லைச் சுற்றி வந்து 50, 60 படம் எடுங்கள். ஒரு படத்தில் இருப்பதில் முக்கால்வாசி அடுத்த படத்திலும் வர வேண்டும். அளவு தெரிய, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். இந்தப் படங்களை ‘மெஷ்ரூம்’ என்ற இலவச மென்பொருள் முப்பரிமாண உருவமாக்கித் தரும். அதற்கு என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் நல்லது. அப்புறம் அந்த உருவத்தை ‘மெஷ்லேப்’ என்ற இன்னொரு இலவச மென்பொருளில் திறந்து, நிறத்தை எடுத்துவிட்டு, வெளிச்சத்தை மட்டும் பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். பாசியும் கறையும் மறைந்து, உளி இறங்கிய பள்ளம் மட்டும் நிழலாக எழும்பி நிற்கும். பிற்கால வட்டெழுத்தில் ப, ய, வ மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். மூன்று நாள் ‘வ’ என்றே நான் வாசித்துக்கொண்டிருந்த ஓர் எழுத்து, வெளிச்சம் இடப்பக்கம் சாய்ந்ததும் ‘ப’ என்று தெளிந்தது.

சரி, கம்ப்யூட்டர் எழுத்தைத் தெளிவாகக் காட்டும்; வாசிப்பது நம் வேலைதான். மைப்படியும் (கல்லில் ஈரத்தாளை ஒற்றி, மை தட்டி எடுக்கும் படி) எடுத்து ஒப்பிட வேண்டும். கல்லை நகர்த்தாமல் தாசில்தாருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுதிப் போடுங்கள். படங்களையும் கூடவே அனுப்புங்கள்.