இரண்டு 1939-ம் ஒரு யானையும்

கேள்வி: பழைய வீட்டுச் சாமான்களை வாங்கி விற்கும் ஒருவரிடம் 46 வெள்ளி ரூபாய்களை மொத்தமாக வாங்கினேன். பெரும்பாலும் ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் காலத்தவை. 1939 இரண்டு, 1911 ஒன்று, விக்டோரியா 1862 இரண்டு இருக்கின்றன. "இந்த ஐந்துமே அபூர்வம், இவற்றிலேயே போட்ட பணம் வந்துவிடும்" என்றார். காந்தம் வைத்துப் பார்த்தேன். 1947 என்று போட்ட ஒன்று மட்டும் ஒட்டியது. அதைப் போலி என்று ஒதுக்கிவிட்டேன். மீதி 45-ம் அசல்தானே?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஒதுக்கி வைத்த அந்த 1947-ஐ முதலில் எடுத்து உள்ளே வையுங்கள். உங்கள் காந்தம் அதற்குச் சாதகமாகத்தான் சாட்சி சொல்லியிருக்கிறது. 1947-இல் வந்த ஒரு ரூபாய் வெள்ளியே இல்லை, சுத்த நிக்கல். பின்பக்கம் புலி இருக்கும். நிக்கல் காந்தத்தில் ஒட்டும். ஒட்டாமல் இருந்திருந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

மற்ற 45-ம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் அவை அசலாகிவிடாது. செம்பு, பித்தளை, ஈயம், பெயரில் மட்டும் வெள்ளி உள்ள ஜெர்மன் சில்வர் எதுவுமே சாதாரணக் காந்தத்தில் ஒட்டாது. வெள்ளி முலாம் பூசிய பித்தளைக் காசு உங்கள் சோதனையில் நிம்மதியாகத் தேறிவிடும்.

கலந்து விற்கும் லாட்டில் ஏமாற்று பெரும்பாலும் எப்படி நடக்கிறது தெரியுமா? நாற்பது காசு நல்ல காசாகவே இருக்கும். கையில் எடுத்துப் பார்க்கிறோம், சுண்டிப் பார்க்கிறோம், எல்லாம் வெள்ளி. மனசு இளகிவிடுகிறது. அந்த நாற்பதும் சேர்ந்து மீதி மூன்று நான்குக்கு ஜாமீன் கொடுத்துவிடுகின்றன. நானும் இப்படி ஒரு 1939-ஐ வாங்கியிருக்கிறேன். தனி உறையில் போட்டு, மேலே 'போலி' என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்குப் பிறகு யார் கைக்கும் அது அசலாகப் போய்விடக் கூடாது என்று. உங்களுக்கு விற்றவர் தெரிந்தே செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவரே ஏமாந்தும் இருக்கலாம். ஆனால் அதே நாற்பது நல்ல காசுகளை நீங்கள் அளவுகோலாகத் திருப்பிக்கொள்ள முடியும்.

அதற்கு முன்னால் ஒன்று. எல்லாக் காசையும் ஒரே தராசில் ஒரே மாதிரி நிறுத்தித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 1835 முதல் 1939 வரை வந்த ரூபாய் 11.66 கிராம், அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940-இலிருந்து எடை அதேதான். ஆனால் வெள்ளி பாதியாகிவிட்டது, மீதி செம்பும் கொஞ்சம் நிக்கலும் துத்தநாகமும். ஓரமும் மாறியது. முன்பு வெறும் வரிகள் இருந்த இடத்தில், கள்ளக்காசைத் தடுக்க நடுவில் பள்ளம் விட்ட பாதுகாப்பு ஓரம் வந்தது. ஆகவே 1942 ரூபாயில் வெள்ளி குறைகிறது என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும். அதே குறை 1939 ரூபாயில் தெரிந்தால் விஷயம் வேறு.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். முதலில் காசை அப்படியே எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அதன் அடர்த்தி வரும். 1939 வரையிலான நல்ல ரூபாய்க்கு 10.3-ஐ ஒட்டி வரும். 1940-க்குப் பிந்தையதற்கு 9.5 அளவில். 9-க்குக் கீழே போனால் பித்தளையோ நிக்கல் கலந்த செம்போ என்று வைத்துக்கொள்ளலாம். தேய்ந்த காசு எடை குறைந்திருக்கும், ஆனால் இந்த விகிதம் மாறாது. முதலில் லாட்டில் இருக்கும் 1918, 1919 ரூபாய்களில் ஐந்தாறை இப்படிப் பார்த்துக் கை பழகிக்கொள்ளுங்கள். அவை ஏராளமாகக் கிடைப்பவை, போலி செய்தாலும் லாபம் குறைவு. முதல் உலகப்போரின் கடைசியில் இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களில் 25 கோடிக்கும் மேல் உருக்கி, அந்த வெள்ளியை இங்கே நாணயம் அடிக்க விற்றது. அந்த ஆண்டுகளின் ரூபாய் இன்னும் பாட்டிமார் பெட்டிகளில் நிறையக் கிடப்பதற்கு அது ஒரு காரணம்.

சரி, 1939-க்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான்: ஒரே லாட்டில் இரண்டு. இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் மக்கள் வெள்ளியைப் பதுக்கினார்கள். அடுத்த ஆண்டே அரசு வெள்ளியைக் குறைத்தது. இடையில் மாட்டிய 1939 ரூபாய் மிகக் குறைவாகவே கிடைக்கிறது. ஒன்றுக்காகப் பல ஆண்டுகள் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். ஒரே கீறல், ஒரே நசுங்கல் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. புழக்கத்தில் விழும் கீறல் இரண்டு காசில் ஒன்றுபோல் விழாது. வார்த்த காசில் ஊசிமுனை போன்ற சின்னக் குழிகள் தெரியும், எழுத்தின் விளிம்பு சோப்புக் கட்டி போல மழுங்கியிருக்கும், ஓரத்தைச் சுற்றி அரம் போட்ட தடம் இருக்கலாம். விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் மெல்லத் தட்டுங்கள். நல்ல வெள்ளி கணீரென்று ஒலித்துச் சற்று நேரம் நிற்கும்.

இதில் எல்லாம் தேறினாலும் முடியவில்லை. 1938 ரூபாய் சுலபமாகக் கிடைக்கும். அசல் 1938-இன் கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கினால், வெள்ளி, எடை, ஓசை எல்லாம் சரியாகவே இருக்கும். லென்ஸ் மட்டும்தான் பிடிக்கும். '1939' என்ற எண்ணிலேயே இரண்டு ஒன்பது இருக்கின்றன. கடைசி ஒன்பதை இரண்டாவது எழுத்தான ஒன்பதோடு ஒப்பிடுங்கள். உயரம், வால் வளையும் விதம், சுற்றியுள்ள தரையின் மினுமினுப்பு, எதிலாவது வித்தியாசம் தெரிந்தால் அதை 1938 என்றே மதிப்பிடுங்கள். ஓரத்தில் பாதுகாப்புப் பள்ளம் இருந்தால் லென்ஸுக்கே வேலையில்லை, அது 1939 அல்ல.

1911-க்கு ஆண்டைவிட யானை முக்கியம். அரசரின் மேலங்கியில் மார்பருகே பதக்கச் சங்கிலியில் ஒரு குட்டி யானை இருக்கும். 1911-இல் அதன் தும்பிக்கை குட்டையாக அமைந்து பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பியது. அரசு காசைத் திரும்பப் பெற்றது. 1912-இல் தும்பிக்கையை நீட்டித் திருத்தினார்கள். எனவே 1911 என்ற ஆண்டோடு நீளத் தும்பிக்கை இருந்தால், அது 1912-இன் இரண்டைச் சுரண்டி ஒன்றாக்கியது.

1862 இரண்டும் அசலாகவே இருக்கலாம், ஆனால் அபூர்வம் என்றது சரியல்ல. அந்த ஆண்டை மாற்றாமலே 1874 வரை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டுக்குக் கீழே புள்ளிகள் இருந்தால் எண்ணி வையுங்கள். சில புள்ளி வகைகளைத் தேடுகிறவர்கள் உண்டு.

இதற்கிடையில் எந்தக் காசையும் புளி, விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள், உரைகல்லிலும் உரசவிடாதீர்கள். அசலாக இருந்தால் மதிப்பு அங்கேயே பாதி போய்விடும். நகைக்கடையில் டச் (உலோகத்தின் சுத்தம்) பார்க்கும் இயந்திரத்தில் வைக்கலாம், காசுக்குச் சேதமில்லை. ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். கனமான முலாம் அதை ஏமாற்றிவிடும். தண்ணீர்க் கணக்கும் அதுவும் ஒத்துப்போனால்தான் நம்புங்கள்.

ஐந்தில் எது தவறினாலும் விற்றவரிடம் தாமதிக்காமல் எடுத்துப் போங்கள், உங்கள் எடைக் குறிப்போடு. இன்னொருவருக்கு அசல் என்று கைமாற்ற வேண்டாம். 1911-இன் யானையைப் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். தும்பிக்கையைப் பார்த்துவிட்டு அடுத்த இதழில் சொல்கிறேன்.