ஆடாத தச்சு மேசை: கேள்வி பதில்

கேள்வி: வீட்டுப் பட்டறைக்குக் கடின மரத்தில் மேசை செய்யப்போகிறேன். தேக்கு வாங்கலாமா ஐயா?

பதில்: தேக்கை அலமாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள சிலிக்கா, மரத்தைச் சீவும் இழைப்புளியைச் சீக்கிரம் மழுக்கும். எண்ணெய்ப் பிசுக்கு பசையைச் சரியாகப் பிடிக்கவிடாது. பட்டறை மேசைக்கு வேண்டியது கனம். பீச், ஆஷ், மேப்பிள், ஓக் ஆகியவற்றில் நன்கு காய்ந்து, விலை குறைவாகக் கிடைப்பது எதுவோ அதுவே நல்ல மரம். உளி வெட்டும் பசைக் கறையும் விழப்போகிற இடத்தில் அழகு எதற்கு?

கேள்வி: காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஈரமானி இருந்தால் 8 முதல் 12 சதவீதம் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரு துண்டை வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகு வேலையைத் தொடங்கலாம்.

கேள்வி: இழைக்கும்போதெல்லாம் என் மேசை நீளவாக்கில் ஆடுகிறது. மூலைகளில் இரும்புத் தகடு வைத்து முடுக்கியும் பயனில்லை.

பதில்: தகடுகளைக் கழற்றிவிடுங்கள், திருகுகள் நாளடைவில் தளரத்தான் செய்யும். ஆட்டத்தை நிறுத்துவது கால்களை இணைக்கும் நீளச் சட்டம். அதன் அகலம் 120 மி.மீ.க்குக் குறையக் கூடாது. காலின் குழிக்குள் நுழையும்படி மெலிதாகச் செதுக்கிய சட்டத்தின் முனைதான் கழுந்து; அதன் அடியில் காலோடு ஒட்டி நிற்கும் படிதான் தோள். தோள் எவ்வளவு அகலமோ அவ்வளவு பிடிப்பு. கழுந்தின் தடிப்பு காலில் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். அப்புறம் மூட்டின் குறுக்கே துளையிட்டு அடிக்கும் மர முளை. காலில் போட்ட துளைக்கு நேராகக் கழுந்தில் துளையிடாமல், தோள் பக்கமாக 1.5 மி.மீ. தள்ளிப் போடுங்கள். முளையை அடிக்க அடிக்க மூட்டு தானே இழுத்துக் கவ்வும்; பசையே வேண்டியதில்லை. முதல் மேசையில் நான் எதிர்ப்பக்கம் தள்ளிப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு அடிக்கும் மூட்டு வாயைப் பிளந்தது!

கேள்வி: மேற்பலகையைக் கால்களோடு ஒட்டிவிடலாமா? தடிப்பு எவ்வளவு?

பதில்: 75 முதல் 100 மி.மீ. ஆனால் ஒட்டாதீர்கள். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. அகலவாக்கில் காற்றின் ஈரத்துக்கேற்ப உப்பும், சுருங்கும். 60 செ.மீ. அகலப் பலகை சில மில்லிமீட்டர் நகரும். தடுத்தால் பலகை பிளக்கும், அல்லது கால் வளையும். முன்பக்க போல்ட்டுகளை இறுக்கமான துளையிலும், பின்பக்கத்தவற்றை நீள்துளையிலும் போடுங்கள். நகர்வெல்லாம் பின்னால் போய்விடும். பலகையின் முன்விளிம்பு கால்களோடு ஒரே மட்டத்தில் நிற்கும்.

கேள்வி: உயரம்?

பதில்: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம். கையிழைப்பே அதிகம் என்றால் இன்னும் சற்றுத் தாழ்வாக.

கேள்வி: வார்னிஷ் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம், வேலைத்துண்டு வழுக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசித் துடைத்தால் போதும். துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். உள்ளே சூடேறித் தானாகவே தீப்பற்றும். விரித்து வெளியில் உலர்த்துங்கள்.