துருவத்துச் சேறும் கொல்லை அசோலாவும்

அன்புள்ள ஐயா,

வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன். சம்பா சாகுபடி, இரண்டு கறவை மாடு, அவற்றின் தீவனத்துக்காகக் கொல்லையில் அசோலா என்ற மிதக்கும் செடி வளர்க்க ஒரு தொட்டி, இவ்வளவுதான் என் உலகம். மகள் நிலவியலில் எம்.எஸ்சி. முடித்தாள். இப்போது கோவாவிலுள்ள துருவ ஆய்வு மையத்தில் சேர்ந்து கடலடி மண்ணை ஆராயப் போகிறேன் என்கிறாள். அதுவும் துருவத்துக் கடலடி மண்! எங்கள் வாய்க்காலில் இடுப்பளவு சேறு கிடக்கிறது, தூர்வார நாதியில்லை. உலகத்தின் கோடியில் போய்ச் சேறு எடுப்பதால் யாருக்கு என்ன பயன்? மண்ணைத்தான் படிக்க வேண்டுமென்றால் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இல்லையா? நான் குறுக்கே நிற்கவில்லை. உறவுக்காரர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

— வாசகர் ஒருவர், வலங்கைமான்

அன்புள்ள ஐயா,

உறவுக்காரர்களுக்கான பதில் உங்கள் அசோலா தொட்டியிலேயே மிதக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2004 ஆகஸ்டில் மூன்று கப்பல்கள் வட துருவத்திலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில் முகாமிட்டன. ரஷ்யாவின் அணுசக்திக் கப்பல் முன்னால் நின்று பெரிய பனிப்பாளங்களை உடைத்தது. ஸ்வீடனின் ‘ஓடன்’ அவற்றைச் சிறு துண்டுகளாக்கியது. மூன்றாவது கப்பல் இடம் பெயராமல் நின்று துளையிட்டது; பெயர்ந்தால் குழாய் போய்விடும். ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத் தண்ணீருக்குக் கீழே, லொமொனோசொவ் என்ற கடலடி மலைத்தொடரின் முதுகில், 400 மீட்டருக்கு மேல் துளை இறங்கியது. நம் ஊரில் போர் போடும்போது மண் கலங்கிக் கூழாக வெளியே வரும். இவர்களுக்கு அது உதவாது. படிந்த வரிசை குலையாமல் உருளையாக எடுத்து, வாழைத்தண்டைப் பிளப்பதுபோல நெடுக்கே பிளப்பார்கள். ஒரு பாதி ஆய்வுக்கு. மறு பாதி குளிரறைக்குப் போகிறது. பின்னால் வருகிறவர் வேறொரு கேள்வியோடு வருவார் அல்லவா?

அந்த உருளைகளில், சுமார் 4.9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பகுதியில், குறைந்தது எட்டு மீட்டர் தடிமனுக்கு அசோலாவின் எச்சம் நிறைந்திருந்தது. நீங்கள் மாட்டுக்குப் போடும் செடியின் அதே பேரினம், வகைதான் வேறு. உப்புத் தண்ணீரில் அசோலா என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படியென்றால் அந்தக் காலத்தில் ஆர்க்டிக் கடலின் மேல்தளத்தில் நல்ல தண்ணீர் நின்றிருக்க வேண்டும். சுற்றிலும் நிலம் ஏறக்குறைய அடைத்துக்கொண்டிருக்க, ஆற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் உப்புநீரின்மேல் தேங்கிக் கிடந்தன. இன்று பனி உறைந்து கிடக்கும் கடல் அது.

உடனே ஒரு சந்தேகம் வரும், வரவும் வேண்டும். அசோலா அங்கேயே வளர்ந்ததா, ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து போட்டதா? வெள்ளத்தில் ஆகாயத்தாமரை எங்கே முளைத்து எங்கே வந்து ஒதுங்குகிறது என்று ஆண்டுதோறும் பார்க்கிறவர் நீங்கள். ஆய்வாளர்களும் இதையே கேட்டார்கள். பதில் கண்ணுக்குத் தெரியாத துகளில் இருந்தது. முதிர்ந்த பெண் வித்துகளோடு ஆண் வித்துக் கொத்துகள் ஒட்டியபடியே கிடந்தன. செடி அங்கேயே வளர்ந்து அங்கேயே இனப்பெருக்கமும் செய்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. உங்கள் மகளின் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான் கழியும்: மண்ணைக் கழுவுவது, சல்லடையில் சலிப்பது, நுண்ணோக்கியில் குனிந்து எண்ணுவது. கப்பலில் ஏறும் நாட்கள் குறைவு.

இந்த அசோலாதான் காற்றிலிருந்த கரியமில வாயுவை உறிஞ்சிப் பூமியையே குளிரவைத்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி உலவுகிறது. அது ஒரு கருதுகோள் மட்டுமே. நிரூபணமான உண்மைபோல அதைப் பரப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அடுத்து, கல். டெல்டாவில் கல் கிடையாது. பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. வண்டலில் மண்வெட்டி போடும்போது ணங்கென்று ஒரு கல் தட்டினால், இதை யாரோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? ஆழ்கடல் சேற்றிலும் அதே நியாயம். நடுக்கடலுக்குக் கல்லைச் சுமந்து வரப் பனிக்கட்டியால் முடியும். கரையில் உறையும்போது கல்லையும் மணலையும் கவ்விக்கொள்கிறது, மிதந்து போய் உருகுகிறது, கல் நேரே கீழே விழுந்து புதைகிறது. அதே ஆர்க்டிக் உருளைகளில் சுமார் 4.5 கோடி ஆண்டு வயதுள்ள பகுதியில் இப்படிச் சுமந்துவந்த கல்லும் மணலும் தலைகாட்டத் தொடங்குகின்றன. அசோலா மிதந்த தண்ணீரில் பனி மிதக்கத் தொடங்கிய காலம்.

இந்த நியாயம் பழையது. 1874இல் ‘சாலஞ்சர்’ என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் தென் துருவ வட்டத்தைத் தாண்டிப் போய்த் திரும்பியது. அன்டார்டிகாவின் கரை அதன் கண்ணில் படவே இல்லை. ஆனால் அந்தக் கடல்களின் அடியிலிருந்து கருங்கல்லும் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் வலையில் வந்தன. இவை நடுக்கடல் எரிமலைத் தீவுகளில் கிடைக்கிற கற்கள் அல்ல. தெற்கே ஒரு கண்டமே இருக்கிறது என்று அந்தக் கப்பலில் போன ஆய்வாளர் ஜான் மர்ரே வாதாடினார். பார்க்காத நிலத்தைக் கடலடிக் கல்லை வைத்துச் சொன்ன அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது.

சேறு எல்லாவற்றையும் வைத்திருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆர்க்டிக் உருளையில் ஓரிடத்தில் 2.6 கோடி ஆண்டுகள் விடுபட்டிருக்கின்றன என்று முதலில் கணித்தார்கள். அரித்துப்போனதா, படியவே இல்லையா? பிறகு வேறு சிலர் ஆஸ்மியம் என்ற தனிமத்தை வைத்துக் காலம் கணித்து, அவ்வளவு பெரிய இடைவெளியே இல்லை என்றார்கள். ஒரே மண், இரண்டு கணக்கு. கல்லூரிப் பாடத்தில் இப்படிச் சண்டைகள் வருவதில்லை. ஆராய்ச்சியில் வயிற்றுப்பாடே இதுதான்.

இனிப் பயன். மேற்கு அன்டார்டிகாவில் த்வைட்ஸ் என்ற பெரும் பனியாறு கடலில் இறங்குகிறது. 2019இல் அதன் முன்னால், ஏறத்தாழ 700 மீட்டர் ஆழத்தில், ‘ரான்’ என்ற ஆளில்லா நீர்மூழ்கி கடலடியைப் படமெடுத்தது. சேற்றில் வரிவரியாக 160க்கும் மேற்பட்ட மெல்லிய வரப்புகள். எதுவும் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. முத்துப்பேட்டைப் பக்கம் ஓதம் ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் ஓதம் ஏறும்போது பனியின் விளிம்பு தூக்கப்பட்டு, இறங்கும்போது சேற்றில் உட்கார்ந்து அழுத்துகிறது. ஒரு நாளைக்கு ஒரு வரப்பு. மறுநாள் விளிம்பு சற்றே பின்வாங்கியிருக்கும், அடுத்த வரப்பு அங்கே விழும். ஆக, வரப்புகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்தால் பனி என்ன வேகத்தில் பின்வாங்கியது என்று நாள் கணக்கில் சொல்லலாம். கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள் ஏதோ ஓர் ஐந்தரை மாத காலத்தில், ஆண்டுக்கு 2.1 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் அது பின்வாங்கியிருக்கிறது. செயற்கைக்கோள்கள் அங்கே கண்ட வேகத்தைவிட இது கூடுதல். கடல் எவ்வளவு விரைவாக உயரக்கூடும் என்று கணக்கிடுகிறவர்களுக்கு இந்த வரப்புகள் தேவை. அந்தக் கணக்கு வேதாரண்யத்துக்கும் சேர்த்துத்தான்.

ஆனாலும் கடல் வந்து மூழ்கடிக்கும் என்று பயமுறுத்தி இந்தப் படிப்புக்கு நியாயம் தேட எனக்கு மனமில்லை. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் வண்டலில் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. கொள்ளிடத்தில் மணல் அள்ளியது நமக்கெல்லாம் தெரிந்த கதை. நம் கரையோரத்துக்கு வந்த உப்புக்குத் த்வைட்ஸ் மேல் மட்டும் பழிபோட முடியாது. உங்கள் வாய்க்கால் தூர்வாரப்படாததற்கும் துருவ ஆராய்ச்சிக்கும் தொடர்பில்லை. கோவாவுக்குப் போகும் பணம் நின்றால் வலங்கைமானுக்குப் பொக்லைன் வந்துவிடுமா? ஆடுதுறை மண்ணைப் பயிருக்காகப் படிக்கிறது. உங்கள் மகள் அதை நடந்ததை அறியப் படிக்கிறாள். எனக்கு அது போதும். உறவுக்காரர்களுக்குப் போதாவிட்டால் அந்த வரப்புகளைச் சொல்லுங்கள்.

நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத கவலைக்கும் ஒரு வார்த்தை. அந்த மையம் வாஸ்கோவில் இருக்கும் மத்திய அரசு நிறுவனம். அன்டார்டிகாவில் மைத்ரி, பாரதி, ஆர்க்டிக்கில் ஹிமாத்ரி ஆகிய நிலையங்களை நடத்துவது அதுதான். நினைத்தவுடன் அன்டார்டிகாவுக்கு யாரையும் அனுப்பிவிட மாட்டார்கள். மருத்துவப் பரிசோதனையும் இமயமலையில் ஔலி என்ற இடத்தில் பனிப் பயிற்சியும் முடித்தவர்களே போக முடியும். உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு, தங்குமிடம் உண்டா, மண் மாதிரிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றனவா, இனிமேல்தான் எடுக்க வேண்டுமா என்று சேர்வதற்கு முன்பே மகளைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். மாதிரிக்காகக் கப்பலை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஆண்டுக்கணக்கில் இழுத்துவிடும்.

அன்புடன்.